வயோதிகம் மட்டும்தானா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்

"வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்!" எங்கள் ஆயாவின் மூட்டு வலிக்குத் தெருவே கூறிய தீர்ப்பு இது. வந்தவாசியில் இருந்துகொண்டு ஆரணிக்குப் பட்டு நெய்து கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. ஆயா அறுபத்திரண்டு வயது வரை தார் சுற்றியவர். பிறகு காலையில் விரல்கள் மடங்கவில்லை. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தியது. தைலம் தடவியே ஓராண்டைக் கழித்தோம். வேலூரில் இரத்தமும் சிறுநீரும் சோதித்த பின்னரே நோயின் பெயர் தெரிந்தது: லூப்பஸ்.

இலத்தீனில் லூப்பஸ் என்றால் ஓநாய். கிருமிகளை அழிக்க உடலில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன என்று வகுப்பில் படிக்கிறோம். இந்நோயிலோ அவை நம் சொந்த உயிரணுக்களின் உட்கருவையே பகையெனத் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்ஸ் என்பார், ஒரு வெள்ளணு மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கியிருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். நோயை இனங்காண அது வழிகாட்டியது. இன்று உட்கரு எதிர்ப்பொருள் சோதனை அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண்களையே லூப்பஸ் பற்றுகிறது. ஆனால் ஐம்பதைக் கடந்த பின் தொடங்குவதும் உண்டு. அப்போது ஆண்களின் பங்கும் கூடுகிறது. கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி போன்ற சிவப்பும், சிறுநீரகக் கேடும் இளையோரைவிடக் குறைவு. நுரையீரல் உறையில் அழற்சியும், கண்ணும் வாயும் உலர்தலும் மிகுதி. மெல்ல மெல்ல வருவதால் வாதம் என்றோ முதுமை என்றோ எண்ணிவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை: நலமாயுள்ள முதியோர் சிலரிடமும் உட்கரு எதிர்ப்பொருள் காணப்படும். எனவே சோதனைத் தாளை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம். மேலும், இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ரலசின், காசநோய்க்கான ஐசோநியாசிட் போன்ற மருந்துகளாலும் இத்தகைய நோய் தோன்றலாம். உட்கொள்ளும் மருந்துகளை எல்லாம் மருத்துவரிடம் கூற வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

இதனை அடியோடு போக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க முடியும். மலேரியாவுக்கென வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெரிதும் உதவுகிறது. அதை உண்போர் கண்களைத் தவறாது சோதித்துக்கொள்ள வேண்டும். வெயில் நோயைத் தூண்டும். ஆகவே தெருவில் பாவு விரிக்கும்போது ஆயா இப்போது திண்ணை நிழலில்தான் அமர்கிறார். விரல்கள் ஓரளவு மடங்குகின்றன.

நண்பர்களே! சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கெனத் தனித்துறையே உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் "வலிக்குது" என்றால், வயதின் மேல் பழி போடுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இழந்த ஓராண்டை நீங்கள் இழக்க வேண்டாம்.