கண் சிவக்க ஒரு கூட்டல் குறி

1910-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்துவந்த பழப்பூச்சிகளுக்கு நடுவே, வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் பூச்சி தென்பட்டது. பழப்பூச்சிக்குக் கண் சிவப்பாகத்தான் இருக்கும். இந்தச் சடுதிமாற்றம் நிகழ்ந்த மரபணுவுக்கு 'ஒயிட்' என்று பெயர் வந்தது. சுருக்கமாக, ஆங்கிலச் சின்ன எழுத்தில் டபிள்யூ.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ஒயிட் மரபணு ஒழுங்காக வேலை செய்தால் கண் சிவக்கும். நிறமிக்கான மூலப்பொருளைச் செல்லுக்குள் சேர்க்கும் புரதம் அதிலிருந்து வருகிறது. பழுதானால்தான் வெள்ளை. ஒரு மரபணு கெட்டால் என்ன நேர்கிறது என்று பார்த்துப் பெயரிடுவது பழப்பூச்சி ஆய்வாளர்களின் வழக்கம். கண் உருவாகத் தேவையான ஒரு மரபணுவுக்கு 'ஐலெஸ்' என்றே பெயர்!

ஆகவே மரபணுவின் இயல்பான வடிவத்துக்கு, அதாவது இயல்பான அல்லீலுக்குத் தனி அடையாளம் வேண்டும். எழுத்தின் தோளில் ஒரு கூட்டல் குறி: டபிள்யூ+. எந்த மரபணு என்பது தெளிவாக இருந்தால் வெறும் + போதும். பட்டாணிச் செடிக்குப் பள்ளியில் படித்த முறையில் ஓங்கு பண்புக்குப் பெரிய எழுத்து, ஒடுங்கு பண்புக்குச் சின்ன எழுத்து. எது இயல்பு என்று அதில் தெரியாது. இங்கே இரண்டும் தெரியும். சுருண்ட இறகைத் தரும் 'கர்லி' ஓங்கு மாற்றம் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கி 'சிஒய்' என்று எழுதுகிறார்கள். சிஒய்+ என்றால் இயல்பான இறகு. பெரிய எழுத்து இருந்தும் அது ஒடுங்கியதே.

சாய்கோடு ஒரு ஜோடிக் குரோமோசோம்களைப் பிரிக்கிறது. ஒயிட் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அதனால் பெண் பூச்சி +/டபிள்யூ என்றால் சிவப்புக் கண். டபிள்யூ/டபிள்யூ என்றால் வெள்ளை. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதன் ஜோடி ஒய் குரோமோசோம்; டபிள்யூ/ஒய் என்றாலே வெள்ளைதான்.

மார்கன் அந்த ஆணைச் சிவப்புக் கண் பெண்களோடு சேர்த்தார். அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. அவற்றைத் தமக்குள் சேர்த்துப் பிறந்த பேரப்பிள்ளைகளில் 2,459 சிவப்புக் கண் பெண்கள், 1,011 சிவப்புக் கண் ஆண்கள், 782 வெள்ளைக் கண் ஆண்கள். வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை. தாய் +/டபிள்யூ, தந்தை +/ஒய் என்று எழுதிப் பாருங்கள், காரணம் உடனே விளங்கும்: ஒவ்வொரு மகளுக்கும் தந்தையின் + கிடைத்துவிடுகிறது, மகனுக்குத் தந்தை தருவது ஒய் மட்டும், கண்ணின் நிறம் தாய் தரும் எக்ஸைப் பொறுத்தது.

வேறொரு குரோமோசோம் ஜோடிக்குப் போகும்போது அரைப்புள்ளி வரும். கர்லி இருப்பது இரண்டாம் குரோமோசோமில். இனி இதைப் படிக்கலாம்: டபிள்யூ/ஒய்; சிஒய்/+. வெள்ளைக் கண்ணும் சுருண்ட இறகும் கொண்ட ஆண் பூச்சி.