உப்புக் காற்றும் வீட்டு சேர்வரும்

ஒரு காலத்தில் கம்பியூட்டர் என்றால் மேசைக்கு அடியில் முழங்காலை இடித்துக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டிதான். ஃபுல் டவர் கேசிங் என்பார்கள். மடிக்கணினி வந்தது, பிறகு போன் வந்தது. அந்தப் பெட்டிகள் கிழக்கிலங்கைக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று றிப்பேர் கடைகளின் பின்னறைகளுக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக்கொண்டன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார். கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். வீட்டு சேர்வர் கட்ட விரும்புகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான கூடு இன்று கடையில் அவ்வளவு இலேசாகக் கிடைப்பதில்லை. புதிய கேசிங்குகளில் கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் இருக்கும். நாலு ஹார்ட் டிஸ்க் வைக்க இடம் இருக்காது.

வீட்டுக்கு எதற்கு சேர்வர்? 2021 ஜூன் 1 வரை கூகுள் ஃபோட்டோஸ் ஓரளவு சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது. அன்றைக்குப் பிறகு ஏற்றியவை எல்லாமே 15 ஜிகாபைட் கணக்குக்குள் வந்துவிட்டன. நம் பக்கத்து வீடுகளுக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. வாப்பா கட்டாரில், காக்கா சவூதியில், ராத்தா மருதமுனையில். பிள்ளை பிறந்தது முதல் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வரை எல்லாம் வீடியோவாகத்தான் அங்கே போய்ச் சேர்கிறது. வாட்ஸ்அப் வழமையாக அதைச் சுருக்கிப் பிழிந்துவிட்டுத்தான் அனுப்பும். முழுத் தரத்தில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவே நூறு ஜிகாபைட்டைத் தாண்டும்.

சேர்வர் என்ற சொல்லைக் கேட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட, பத்து வயதான ஒரு மதர்போர்ட், 8 ஜிகாபைட் மெமரி, இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் அல்லது ட்ரூநாஸ் போன்ற இலவச இயங்குதளம், அவ்வளவுதான். அதன்மேல் இம்மிச் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் வீட்டிலுள்ள போன்களின் படங்கள் வைஃபை கிடைத்ததும் தாமாகவே பெட்டிக்குள் போய்ச் சேரும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நடந்ததுபோல நாட்டில் சமூக வலைத்தளங்களை முடக்கினாலும், இன்டர்நெட் கேபிளே அறுந்தாலும், வீட்டுக்குள் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

பெரிய பெட்டி ஏன் நல்லது என்பதற்குக் காரணம் விசிறியில் இருக்கிறது. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 120 மில்லிமீற்றர் விசிறிக்குப் பதில் அதே வடிவில் 140 மில்லிமீற்றர் பூட்டினால், அதே வேகத்தில் ஏறத்தாழ அறுபது வீதம் கூடுதல் காற்று வரும். அதனால் வேகத்தைக் குறைத்துவிடலாம். வேகம் பாதியானால் இரைச்சல் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். முன்னறையில் வைத்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. முன்பு சீடி டிரைவ் பூட்டிய மூன்று அகன்ற தட்டுகளில் ஒரு சட்டம் போட்டு ஐந்து ஹார்ட் டிஸ்க் வரை வைக்கலாம். குறைவாக வைத்தால் டிஸ்க்குகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளியும் விடலாம்.

இந்த அளவுக்கு எந்த நாட்டு வழிகாட்டியிலும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாதது கடலைப் பற்றி.

ஹார்ட் டிஸ்க்கின் எதிரி சூடு என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். மிக உயர்ந்த வெப்பத்திலும் வயதான டிஸ்க்குகளிலும் தவிர, சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு அதில் இல்லை. 2016இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தவரும் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்த ஒன்பது பெரிய தரவு நிலையங்களை ஆராய்ந்தார்கள். டிஸ்க்குகளை அதிகம் கெடுத்தது காற்றின் சாரீரப்பதன். பழுதானது பெரும்பாலும் உள்ளே சுழலும் தட்டு இல்லை. டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றும் இணைப்புகளும்தான். எனக்குத் தெரிந்த அளவில் கல்முனைக் கரைக்கு இதைவிடப் பொருந்தும் கம்பியூட்டர் ஆய்வு வேறில்லை.

கடற்காற்று வெறும் ஈரத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகி, வீட்டுக்குள் வந்து சர்க்கியூட்மேல் படிகின்றன. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால், சோடியம் குளோரைட் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட் இன்னும் மோசம். அதற்கு 33 வீதமே போதும். மின்சுற்றில் இப்படி உருவாகும் உப்புநீர்ப் படலத்தின் வழியாக மின்சாரம் கசியும், செம்பு பச்சை பூக்கும், வெள்ளி அரிபடும். ஹீலியம் நிரப்பி முற்றாக மூடிய புதுவகை டிஸ்க் வாங்கினால் உட்பக்கம் தப்பும். அடிப்பக்கத்தில் வெளியே தெரியும் பலகை தப்பாது.

இதற்கு முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு மருந்து அந்தச் சூடேதான். டிசம்பர் மழை நாளில் காற்று 28 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 85 வீதம் என்று வைப்போம். அதே காற்று பெட்டிக்குள் 38 பாகைக்குச் சூடானால், நீராவி கூடவோ குறையவோ இல்லாமலே சாரீரப்பதன் 48 வீதமாக இறங்கிவிடும். சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பதுதான் காரணம். மைக்ரோசொஃப்ட் ஆய்வும் இதே வழியில் போய், டிஸ்க்குகளைப் பெட்டியின் முன்பக்கம் வைக்காமல், மற்றப் பாகங்கள் சூடாக்கிய காற்று வந்து படும் பின்பக்கம் வைத்தால் நல்லது என்று கண்டது.

இதிலிருந்து நம் கரைக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, விசிறிகளைக் குறை. யூடியூபில் ஒன்பது விசிறி பூட்டிக் காட்டுகிறவர் கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர். இங்கே எல்லா ஓட்டைகளிலும் விசிறி பூட்டுவது சொந்தச் செலவில் கடலை வீட்டுக்குள் கூப்பிடுவதுதான். முன்னால் மெதுவாகச் சுழலும் இரண்டு பெரிய விசிறி, அவற்றுக்கு வலைவடி, பின்னால் ஒன்று. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியே தூசி நுழையாது. வலைவடி மணலையும் பஞ்சுத் துகளையும் பிடிக்கும், மிக நுண்ணிய உப்பைப் பிடிக்காது. தூசியைக் கொண்டுவரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வலைவடியை அடிக்கடி கழுவவேண்டியதுதான். டிஸ்க் 40 பாகையில் இருந்தால் பதறவேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் 60 பாகை வரை அனுமதிக்கிறார்கள்.

இரண்டாவது விதி கேட்க வினோதமாக இருக்கும்: அணைத்து வைக்காதே. ஓடும் பெட்டி தன் சூட்டில் தன்னை உலர்த்திக்கொள்கிறது. அணைந்து கிடக்கும் பெட்டி அறையின் ஈரத்தில் ஊறுகிறது. ஏசி அறையில் இரவு முழுக்க அணைந்து 22 பாகைக்குக் குளிர்ந்த பெட்டியின்மேல், காலையில் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டால் நீர் பனிக்கும். மேலே சொன்ன மழை நாள் காற்றின் பனிபடுநிலையே 25 பாகை. அந்த நேரம் பார்த்து சுவிட்ச்சைப் போட்டால் கதை முடிந்தது.

ஓடவிட்டால் கரண்ட் பில்? பழைய மதர்போர்ட்டும் நாலு டிஸ்க்குமாகச் சேர்ந்து 60 வாட் எடுக்கும் என்றால் மாதத்துக்கு 43 அலகு. தனியே பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நம் வீட்டுக் கட்டணம் படிமுறையில் ஏறுவது. 30, 60, 90 என்ற எல்லைகளில் ஒன்றின் அருகே நிற்கும் வீட்டை இந்த 43 அடுத்த படிக்குத் தூக்கிவிடும். அதனால் பழைய 2 டெராபைட் டிஸ்க் நாலு கிடைத்தாலும் பெரிய டிஸ்க் இரண்டு வாங்குவதே புத்தி. பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று நிரப்பவேண்டியதில்லை. வெற்றிடம் கரண்ட் குடிக்காது.

கரண்ட் போவதைப் பற்றி இந்நாட்டில் எவருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையையும் இருட்டாக்கியது. சேர்வருக்கு யூபிஎஸ் வைப்பது மணிக்கணக்கில் ஓட்டுவதற்காக இல்லை. எழுதிக்கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காக அணைய ஐந்து நிமிடம் போதும். யூபிஎஸ்ஸின் பின்னால் ஒரு யூஎஸ்பி வயர் இருக்கும். பலர் அதைக் கவரோடேயே வைத்திருப்பார்கள். பற்றரி முடியப்போகிறது என்ற செய்தி அந்த வயர் வழியாகத்தான் சேர்வருக்குப் போகிறது. அது இல்லாத யூபிஎஸ் விபத்தை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

இனி டிஸ்க் சாவது பற்றி. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கைப் பல வருடமாக வெளியிட்டு வருகிறது. 2023இல் அது 1.40 வீதம். சிறிய எண்போலத் தெரியும். நாலு டிஸ்க், ஐந்து வருடம் என்று பெருக்கிப் பார்த்தால், குறைந்தது ஒன்று சாகும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. அதுவும் குளிரூட்டிய மண்டபத்துக் கணக்கு, கடற்கரையில் கூடும். இதைச் சமாளிக்கும் ரெய்ட் முறையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். தரவையும் அதை மீட்பதற்கான மேலதிகக் குறிப்பையும் பல டிஸ்க்கில் பரப்பி எழுதினால் ஒன்று செத்தாலும் மற்றவை ஈடுகொடுக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட செட்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் படத்தையும் கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரண்டு டிஸ்க்கை ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வைப்பது வீட்டுக்குப் போதும்.

ஆனால் ரெய்ட் வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: பெட்டி எங்கே இருக்கிறது? இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், பெட்டி ஒரே வீட்டில். இடி விழுந்தாலும் கள்ளன் வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். தம்பி தவறிப்போய் ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நாடாபோலக் கிடப்பவை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேல். உயிர் தப்பியவர்கள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் மறுபிரதி தேடி அலைந்தார்கள். அரசாங்கத்திடம் பதிவு இருந்தவற்றுக்கு மறுபிரதி கிடைத்தது. கல்யாண அல்பத்துக்கும் மௌத்தானவர்களின் படங்களுக்கும் யாரிடமும் பிரதி இருக்கவில்லை. ஆகவே இங்கே இரண்டாவது பிரதி என்றால் அடுத்த அறை இல்லை, அடுத்த தெருவும் இல்லை. சம்மாந்துறையில் வைத்தால் கடலுக்குத் தப்பும். ஆனால் 1978 நவம்பர் புயலோ 2024 நவம்பர் வெள்ளமோ கரைக்கு ஒரு நீதி, வயலுக்கு ஒரு நீதி என்று பார்க்கவில்லை. கொழும்பு, கண்டி, தோஹா என்று மலைக்கோ கடலுக்கோ அப்பால் ஓர் உறவினர் வீடு வேண்டும்.

இந்தக் கணக்கில் அரசாங்கமே தவறியது. 2023 ஆகஸ்டில் லங்கா கவர்மென்ட் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியது. அரசின் மின்னஞ்சல் முகவரிகள் 5,000 அளவில், அமைச்சரவை அலுவலகம் உட்பட, பாதிக்கப்பட்டன. அந்த வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளை மீட்கவே முடியவில்லை. அந்த மாதங்களுக்குத் தனியே ஒதுக்கிவைத்த பிரதி இருக்கவில்லை. வலைப்பின்னலில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரதியையும் தீநிரல் பூட்டிவிடும். பிளக்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த டிஸ்க்கை எந்த ஹேக்கராலும் தொட முடியாது. ஆனால் நம் காற்றில் அதை வெறுமனே வைக்கக்கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகா டப்பாவுக்குள் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டவேண்டும்.

தூரத்துப் பிரதியை எப்படி அனுப்புவது? ஃபைபர் லைனில் மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் 2 டெராபைட் போய்ச்சேர ஒன்பது நாளுக்கும் மேல் ஆகும். மாதத் தரவு எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடும். அதே 2 டெராபைட்டை ஒரு டிஸ்க்கில் ஏற்றி, துணியில் சுற்றி, கொழும்பு இரவு பஸ்ஸில் போகும் மச்சானிடம் கொடுத்தால் ஒன்பது மணித்தியாலம். கணக்குப் போட்டால் நொடிக்கு 490 மெகாபிட். கல்முனையில் எந்த வீட்டு இணைப்பும் அந்த வேகத்தில் மேலேற்றுவதாக நான் கேள்விப்படவில்லை. முதல் முறை இப்படி அனுப்பிவிட்டால், பிறகு அன்றன்று சேரும் சில நூறு மெகாபைட்டை இரவில் லைன் வழியாகவே அனுப்பலாம். பஸ்ஸில் ஏறும் முன் முழு டிஸ்க்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டவேண்டும். அந்தச் சொல்லை டிஸ்க்கோடு சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் வைக்காமல் போனில் சொல்லவேண்டும். அங்கே அவர் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்த்து, சரியாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் இங்கே போனில் இருப்பதை அழிக்கவேண்டும்.