புலியை எண்ணும் படப்பொறி

மலேசிய அரசுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கியபடி இருபுறமும் இரண்டு புலிகள் நிற்கின்றன. நாட்டின் காற்பந்துக் குழுவுக்கும் ‘ஹரிமாவ் மலாயா’ என்றே பெயர். ஆனால், நம் காடுகளில் வாழும் மலாயாப் புலிகளின் எண்ணிக்கை 150க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தெரியவந்த உண்மை இது.

இந்த எண் எப்படிக் கிடைத்தது? மழைக்காட்டில் புலியை நேரில் காண்பது மிக அரிது. பல ஆண்டுகள் காட்டில் பணியாற்றிய வனக்காவலர் பலரும் அதன் காலடித் தடத்தைத்தான் பார்த்திருப்பர். தடத்தை நம்பியும் எண்ண முடியாது. மாலையில் பெய்யும் ஒரு மழை அதனை அழித்துவிடும். சருகு மூடிய தரையில் தடமே பதியாது. எனவே, ஆய்வாளர்கள் மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிப் படக்கருவியை நாடினர். விலங்கைப் பிடிக்காமல் அதன் படத்தை மட்டும் பிடிப்பதால் அதனைப் படப்பொறி எனலாம்.

படப்பொறியின் முன்பகுதியில் வெப்ப உணரி ஒன்று உண்டு. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் அதன் முன்னே நகர்ந்தால், அந்த வெப்ப மாற்றத்தை உணர்ந்து கருவி படம் எடுக்கும். நேராக எதிரே வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கையே அது எளிதில் உணரும். நண்பகல் வெயிலில் தரை விலங்கின் உடலளவுக்குச் சூடேறினால் உணரி குழம்பிவிடும். வெயில் பட்ட வாழையிலை காற்றில் அசைந்தாலும் போதும், கருவி அதனைப் புலியாக எண்ணிப் படமெடுத்துத் தள்ளும். தாமான் நெகாராவில் 1998 முதல் 2001 வரை கே கவானிஷி என்னும் ஆய்வாளர் புலிகளை ஆராய்ந்த காலத்தில் கருவிக்குள் இருந்தது படச்சுருள். ஒரு சுருளுக்கு 36 படங்களே. ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து போனால், அடுத்து வரும் புலிக்கு மிச்சம் இருக்காது. இன்றைய மின்னியல் கருவியின் நினைவக அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும்.

கருவியை வாங்கும்போது பலர் முதலில் பார்ப்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். உண்மையில் அதைவிட முக்கியமானவை வேறு உள்ளன. விலங்கை உணர்ந்ததற்கும் படம் எடுப்பதற்கும் இடையிலான நேரம் அவற்றுள் ஒன்று. அந்த இடைவெளி ஒரு விநாடிக்கு மேல் நீண்டால், படத்தில் வால் மட்டுமே மிஞ்சும். மின்கலமும் அப்படியே. மலிவான மின்கலம் ஈரக்காட்டில் கசிந்து கருவியையே கெடுத்துவிடும். லித்தியம் மின்கலம் விலை கூடினாலும் பல வாரங்கள் தாங்கும்.

எல்லாவற்றிலும் கடினமான தேர்வு ஒளிவீச்சுதான். வெள்ளை ஒளிவீச்சில் புலியின் வரிகள் வண்ணத்தில் தெளிவாகப் பதியும். ஆனால், இருளில் மின்னும் அந்த ஒளி விலங்கைத் திடுக்கிட வைக்கும். கருவி இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுக்கும். அகச்சிவப்பு ஒளி மனிதக் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. படமோ கறுப்பு வெள்ளையாக, சில வேளை மங்கலாகவும் அமையும்.

இந்தக் குறைபாடே ஒருமுறை பெரும் பயன் தந்தது. தீபகற்ப மலேசியாவில் வாழும் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். உடல் முழுதும் கறுப்பாக இருப்பதால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. திரங்கானுவின் கென்யிர்ப் பகுதியில் ஆய்வு செய்தவர்கள் ஓர் எளிய வழியைக் கண்டனர். கருவியில் வெளிச்சத்தை அளக்கும் சிறு பகுதியை அவர்கள் மூடிவிட்டனர். இரவு என்று நம்பிய கருவி, பகலிலும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சியது. கறுப்பு மயிருக்குள் மறைந்திருந்த புள்ளிகள் படத்தில் துலங்கின. அவர்களின் ஆய்வு 2015இல் வெளிவந்தது.

புலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. மனிதனின் கைரேகை போல ஒவ்வொரு புலியின் வரியும் தனித்தன்மை உடையது. எனினும், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஒரு கருவி இடப்பக்கத்தையும் வேறோர் இடத்தில் மற்றொரு கருவி வலப்பக்கத்தையும் எடுத்தால், ஒரே புலியை இரண்டு என எண்ணிவிட நேரும். இருப்பதே 150க்கும் குறைவு என்னும் நிலையில் இது சிறு பிழையன்று. ஆகவே, பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கருவிகளை முழங்கால் உயரத்தில் கட்டுவர். புலி நடந்து செல்லும் பழைய வெட்டுமரப் பாதை, மலைமுகடு, ஆற்றோரம் ஆகியவையே ஏற்ற இடங்கள். இவற்றைக் கண்டறிவதில் காட்டைத் தம் வீடாகக் கொண்ட ஓராங் அஸ்லி மக்களின் அறிவுக்கு எந்த வரைபடமும் ஈடாகாது.

எல்லாப் புலிகளும் படத்தில் சிக்குவதில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் 1990களில் கையாண்ட கணக்கு முறை இங்குத் துணை செய்கிறது. ஆய்வு தொடரும்போது ஏற்கெனவே பதிவான புலிகளே மீண்டும் மீண்டும் வந்தால், பெரும்பாலானவை எண்ணப்பட்டுவிட்டன எனக் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் புதிய புலி வந்தால், படத்தில் சிக்காதவை இன்னும் பல உண்டு. இந்த விகிதத்தைக் கொண்டு மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுகின்றனர்.

கட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்துவிடாது. கருவிக்குள் எறும்பு கூடு கட்டும். ஈரம் கண்ணாடியை மங்கச் செய்யும். யானை தும்பிக்கையால் அதனைப் பிடுங்கி மிதித்துப் போவதும் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை மனிதர்களால் வருகிறது. கம்பிக் கண்ணி வைக்க வரும் வேட்டைக்காரர்கள் தங்கள் முகம் பதிந்திருக்கும் என்றஞ்சிக் கருவியை உடைப்பர், திருடியும் செல்வர். கருவியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மரத்தோடு சங்கிலியால் பூட்டுவது அதனால்தான். கருவி போனால் இன்னொன்று வாங்கலாம். அதிலிருந்த பல வாரப் பதிவுகள் திரும்பக் கிடைக்கா.

பதிவான படமும் தவறான கைக்குப் போனால் கேடுதான். புலி எந்தப் பாதையில், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை ஆய்வாளருக்குச் சொல்லும் அதே படம் வேட்டைக்காரனுக்கும் சொல்லும். எனவே, புலிப் படத்தைப் பொதுமக்களுக்கு வெளியிடும் முன்னர், கருவி இருந்த இடம் பற்றிய குறிப்புகளை நீக்குவது நல்ல வழக்கம். படத்தின் கீழே பேராக் என்றோ பகாங் என்றோ மாநிலத்தின் பெயர் இருக்கலாம்; ஆற்றின் பெயர் இருக்கக்கூடாது.