வீடு திரும்புவோர் கையில் ஒரு காகிதம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில், விக்கிரவாண்டியைக் கடந்ததும் வரும் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கிவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ, புதுச்சேரிக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரிலிருந்தோ சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், டிஸ்சார்ஜ் சம்மரி என்னும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். ஒரு வைத்தியர் மற்றொரு வைத்தியருக்காக எழுதிய அந்தக் காகிதத்தை நம்பித்தான், அன்றிரவே வீட்டில் யாரோ ஒருவர் மாத்திரை பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

கையெழுத்து புரியவில்லை என்ற பழைய குறை கம்ப்யூட்டர் அச்சால் ஓரளவு நீங்கியிருக்கிறது. மருந்துச் சீட்டு வாசிக்கக்கூடியதாக இருப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் ஷரத்து தரும் உரிமையில் அடங்கும் என்று பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் 2025இல் கூறியதும் நியாயமே. ஆயினும் 'அம்லோடிபின் 5 மி.கி., ஓ.டி.' என்று எவ்வளவு அழகாக அச்சிட்டாலும், ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை என்று அறியாதவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இதில் பெரிய அபாயம் பழைய மாத்திரைகளிடத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் கிராமத்து வீடுகளுக்கே வந்து சேருகின்றன, மகத்தான உபகாரம்தான். ஆனால் வீட்டில் அம்லோடிபின் ஏற்கெனவே இருக்க, மருத்துவமனையில் அதே மருந்து வேறு நிற அட்டையில் கொடுக்கப்பட்டால், இரண்டும் ஒன்றே என்று அறியாத முதியவர், பழையது பழைய வியாதிக்கு, புதியது புதிய வியாதிக்கு என்று தமக்குள் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு இரண்டையும் விழுங்கக்கூடும். கால் வீங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்போது, வேறேதோ நோய் வந்துவிட்டதென்று மறுபடி பஸ் ஏறுவார். எது புதிது, எது தொடர்வது, எதை இன்றோடு நிறுத்துவது என்று தனித்தனியே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பிரயாணமே வேண்டியிராது.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை உண்பது. தினமும் உண்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று கிழமையையே எழுதிவிடுவது உத்தமம். 'போதிய ஓய்வு' என்பதும் அப்படித்தான்: கரும்பு வெட்டிப் பிழைப்பவர் அறிய விரும்புவது, எத்தனை வாரம் பாரம் தூக்கலாகாது என்பதையே.

ஆங்கில அறிக்கையை எடுத்துவிட வேண்டும் என்பார் உளர். எனக்கு அதில் சம்மதமில்லை. ஜிப்மரில் பார்க்கும் வைத்தியர் வேற்று மாநிலத்தவராயிருக்கலாம். அறிக்கை இருக்கட்டும், கூடவே தமிழில் ஒரு பக்கம் வேண்டும். பிரிட்டனில் நோயாளியை நேரே விளித்துக் கடிதம் எழுதுங்கள் என்று வைத்தியர்களுக்கு 2018இல் வழிகாட்டுதல் வந்தது. நமக்கோ, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் போதித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீனின் முன்மாதிரி உண்டு.

வார்டில் இதை எழுதும் சிரமம் ஓயாமல் உழைக்கும் பயிற்சி மருத்துவர் தலையில்தான் விழும் என்பது மெய்யே. ஆகவே வழக்கமான வியாதிகளுக்குத் தமிழ்ப் பக்கத்தை முன்பே அச்சிட்டு, மருந்தும் தேதியும் மட்டும் நிரப்பும்படி வைக்கலாம். பிறகு செவிலியர், உடனிருக்கும் மகளிடமோ மனைவியிடமோ, "காலையில் எந்த மாத்திரை கொடுப்பீங்கம்மா, சொல்லுங்க" என்று கேட்கட்டும். பதில் தடுமாறினால், அவர்களைக் கடிந்துகொள்ளாமல் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கட்டும்.