தேமல் மாதிரி இருக்கட்டும்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். புரட்டாசிக் கொலு நெருங்கவும், பக்கத்து வீட்டு அக்கா பரணிலிருந்து செட்டியார் பொம்மையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். சுட்ட மண் பொம்மை. வர்ணம் உதிர்ந்து பாதி உடம்பு சிவப்பாகத் தெரிந்தது.

"நேரா பெயின்ட் அடிச்சா ஆகாதா தம்பி?"

அடிக்கலாம், எடுப்பாக இருக்காது. சுட்ட மண் ஈரத்தை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் குடிக்கும். பூசிய வர்ணம் திட்டுத் திட்டாக வெளுக்கும். அடியிலுள்ள சிவப்பும் மேலே எட்டிப் பார்க்கும். தூரத்தில் சிவப்புக் கோபுரத்தைப் பார்த்து மாலிக்காபூர் 'லால் குடி' என்றதாகக் கதை சொல்லும் லால்குடிதான் எங்கள் ஊர். சிவப்பு எப்படித் தெரியும் என்று எங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

அதற்குத்தான் பிரைமர். பெயர்தான் புதிது. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் குழைத்துப் பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகே வரையத் தொடங்குகிறார்கள். பிளாஸ்டிக், ரெசின் குட்டிப் பொம்மைகளில் கோளாறு நேர்மாறானது: அவை ஈரத்தைக் குடிக்கவே குடிக்காது, வர்ணம் வழுக்கிக்கொண்டு போகும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீரில் கழுவி, உலர்த்தி, பிறகு பிரைமர் பூச வேண்டும். மரப்பாச்சிக்கு மட்டும் இந்த வேலையே இல்லை. அதற்குத் துணி உடுத்தினால் போதும்.

அக்காவின் பொம்மையில் முதலில் உதிரும் வர்ணத்தைச் சுரண்டி, பளபளப்பு மிச்சமிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட வேண்டும். பிரைமரை ஸ்பிரேயாக அடித்தால் ஈரக்காற்றில் சிலசமயம் சொரசொரப்பாகப் படியும். பிரஷ் என்றால் திண்ணையில் உட்கார்ந்தே பூசலாம். வெள்ளை அக்ரிலிக் பிரைமர் தயிர்போல இருக்கக் கூடாது, பால்போல ஓட வேண்டும். மெத்தென்ற பிரஷில் நுனிப்பாதி மட்டும் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, தலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். மடிப்புகளில் தேங்கினால் ஈரப் பிரஷால் ஒற்றி எடுக்கலாம். பாதி காய்ந்த இடத்தை மட்டும் மறுபடி தொடக் கூடாது. பூச்சு பிய்ந்து வரும்.

முதல் கோட் முடிந்ததும் அக்கா முகம் சுளித்தார்.

"தேமல் வந்தாப்ல இருக்கே!"

"இருக்கட்டும்க்கா."

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். தேமலை மறைக்க நினைத்து அடுத்த கோட்டை அப்பிவிடுகிறோம். போன வருஷம் நானும் அப்படி அப்பித்தான் எங்கள் வீட்டுச் செட்டியாரின் சிரிப்பு காணாமல் போனது. உதட்டுக்கும் மீசைக்கும் நடுவே இருந்த பள்ளம் அடைந்துவிட்டது. முதல் கோட் மறைக்க வந்ததல்ல, பிடிக்க வந்தது. நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. மறைப்பதை அவை பார்த்துக்கொள்ளும். அதன்பின் ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அடிப்பாகத்தில் நகத்தால் கீறிப் பார்க்கலாம். உரிந்து வராவிட்டால் வர்ணம் எடுக்கலாம்.

டீ ஆறிவிட்டிருந்தது. கோட் இன்னும் காயவில்லை. அக்கா இன்னொரு டீ போட எழுந்தார்.