கொடுத்ததை மீட்கும்போது

கணிப்பொறியின் நினைவகத்தைப் பற்றிப் பேசுவோர், அதை வேண்டுவோர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையையே பெரும்பாலும் விஸ்தாரமாக விவரிப்பார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் காரியம் அதனினும் நுட்பமானது என்பதும், அங்கே நேரும் ஒரு சிறு பிழை யந்திரம் முழுவதையும் நிலைகுலையச் செய்யக்கூடும் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

1962-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியில் செயலுக்கு வந்த மெய்நிகர் நினைவகம் என்னும் ஏற்பாட்டின்படி, நிரல் கையாளும் முகவரி வேறு, உண்மை நினைவகத்தின் முகவரி வேறு. இன்ன வயல் இன்னாருடையது என்று கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் பதிவேடு சொல்வதுபோல, இன்ன மெய்நிகர் முகவரிக்கு இன்ன இடம் என்று பக்க அட்டவணை சொல்கிறது. இதைப் பராமரிப்பது இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னல். சாதாரணச் செயலிகளில் ஒரு பக்கம் என்பது 4096 பைட்டுகள்.

தனக்கு இனி வேண்டாத ஒரு பிரதேசத்தை விடுவிக்குமாறு நிரல் கேட்கும்போது, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கர்னல் அட்டவணையில் கை வைப்பதற்கு முன்பே கோரிக்கையைப் பரிசோதிக்கிறது. கொடுத்த முகவரி பக்கத்தின் எல்லையில் தொடங்காவிட்டாலும், நீளம் பூஜ்யமாக இருந்தாலும், கேட்ட பகுதி நிரலுக்குரிய வரம்பைத் தாண்டினாலும், 'செல்லாத மதிப்பு' என்ற பிழைக்குறியைத் திருப்பியனுப்பிவிட்டு எதையும் மாற்றாமல் விடுகிறது. ஆனால் கேட்ட இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அதைப் பிழையாகக் கருதுவதில்லை. அவ்விடம் காலியாக இருக்க வேண்டும் என்பதே நிரலின் விருப்பம், அது முன்பே நிறைவேறியிருக்கிறது. இதைவிட விசித்திரமானது ஒன்று உண்டு: ஒரு பெரிய பிரதேசத்தின் நடுப்பகுதியை மட்டும் விடுவித்தால் எஞ்சியது இரண்டு துண்டாகிவிடும், துண்டுகளின் எண்ணிக்கைக்கு வழக்கமான வரம்பு 65,530 ஆகையால், அது நிறைந்திருக்கும் தருணத்தில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவனுக்கே 'நினைவகம் போதாது' என்ற பதில் கிடைக்கும்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் பிழைகள். கர்னலின் சொந்த நிரலோ, அதனோடு இணைந்து சாதனங்களை இயக்கும் ஒரு டிரைவரோ, தான் பெறாத இடத்தை அல்லது ஒருமுறை விடுவித்துவிட்ட இடத்தை மறுபடியும் விடுவிக்க முற்படுமானால் விஷயம் கடுமையாகிறது. ஏனெனில் அவ்விடம் அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். செயலி தான் அண்மையில் பார்த்த அட்டவணைப் பதிவுகளின் நகல்களை டி.எல்.பி. என்னும் சிறு சேமிப்பில் தனியே வைத்துக்கொள்கிறது என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத் தக்கது. முதலில் அட்டவணைப் பதிவை நீக்கி, பிறகு எல்லாச் செயலிகளிடமும் உள்ள பழைய நகல்களை அழித்து, அதன் பின்னரே பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கிரமம் மாறினால் ஒரு நிரலின் இரகசியத்தை மற்றொரு நிரல் படித்துவிடக்கூடிய விபரீதம் நேரும்.

தன் வீட்டிலேயே தவறு நேர்ந்ததென்று கண்ட கர்னல் என்ன செய்ய வேண்டும்? யந்திரத்தை அப்போதே நிறுத்திவிடுவது ஒரு வழி. லினக்ஸை 1991-ல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பன்முறை கண்டித்திருக்கிறார். யந்திரம் நின்றுவிட்டால், தவறு எங்கே பிறந்ததென்று ஆராய்வதற்குரிய தடயங்களும், பயன்படுத்துவோர் சேமிக்காத வேலையும் அதனோடு அழிந்துபோகும். ஆதலால் கர்னலில் நிரல் எழுதுவோர்க்கு வழங்கப்படும் நெறி, இயன்றவரை எச்சரிக்கையை மட்டும் பதிவுசெய்து மேலே செல் என்பதே. உதாரணமாக, தன் சொந்த நிரலே செல்லாத முகவரியை விடுவிக்கச் சொன்னால், கர்னல் அந்த முகவரியையும், அங்கே வந்து சேர்ந்த அழைப்புகளின் தொடரையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, விடுவிக்கும் வேலையை மட்டும் செய்யாமல் திரும்புகிறது. அதனால் சிறிது நினைவகம் வீணாகலாம். ஆனால் பிறருடைய நினைவகம் பறிபோவதில்லை.

வெளியார் பிழைக்கு மறுப்பு, தன் பிழைக்கு உரத்த எச்சரிக்கை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் நிறுத்தம் என்ற இந்த வரிசையைக் கடைப்பிடிப்பதே நல்ல கர்னலுக்கு அழகு. சந்தேகம் எழும் இடத்தில் விடுவிக்காமல் விட்டுவிடுவதே தவறாக விடுவிப்பதைவிட எப்போதும் நஷ்டம் குறைந்தது.