எம்டன் வந்த இரவு

“அவள் இலேசுப்பட்டவள் அல்ல, சரியான எம்டன்!” என்று பாட்டிமார் பேசக் கேட்டிருக்கிறோம். எம்டன் என்பது ஜெர்மனியிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். அப்பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, ஒரே ஓர் இரவு, அதுவும் அரைமணி நேரத்திற்குள், சென்னையைத் தாக்கிவிட்டுச் சென்றது. அவ்வளவில் அதன் பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது!

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் முழுவீச்சில் மூண்டது. ஒருபுறம் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும். மறுபுறம் பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா. 1902-இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டி ஜப்பானும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. நம் நாடு எவரோடும் பகை கொள்ளவில்லை. ஆயினும் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தோமாதலால், அவர்களுடைய பகைவர் நமக்கும் பகைவர் ஆயினர்.

சீனக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட எம்டனுக்குத் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். பெரிய கப்பலன்று, அதன் பீரங்கிகளும் சிறியவையே. தந்திரமே அதன் பெரும் பலம். அதற்கு இருந்தவை மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நான்கு உண்டு என்று கண்ட முல்லர், பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்திவைத்தார்! வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்கடித்தார். ஆனால் அவற்றிலிருந்த மாலுமிகளை முதலில் பத்திரமாக இறக்கிவிடுவார். பகைவரும் அவரைப் பாராட்டியது இதனால்தான்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. போர்க்காலமாயிருந்தும் சென்னையில் விளக்குகளை அணைக்க எவருக்கும் தோன்றவில்லை. அந்நாளில் உயர்நீதிமன்றத்தின் கோபுரமே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது, அதுவும் எரிந்துகொண்டிருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று நம் மலையுச்சியின் ஒளி எத்தனை ஊர்களுக்குத் தெரிகிறது என்று நாம் அறிவோம். இருட்டில் வரும் கப்பலுக்கு வழிகாட்ட வேறென்ன வேண்டும்?

துறைமுகத்தை நெருங்கிய எம்டன், தன் தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிபார்த்தது. சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. மண்ணெண்ணெய் பற்றியெரிந்து வானம் சிவந்தது. கரையிலிருந்து சுட்ட குண்டுகளில் ஒன்றும் கப்பல்மீது படவில்லை. அன்று ஐந்து பேராவது மாண்டனர். ஆங்கிலேயரின் வலிமைமீது இந்தியர் கொண்டிருந்த நம்பிக்கையை அசைப்பதே முல்லரின் நோக்கம். அது நன்றாகவே நிறைவேறியது. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு வெளியேறினர்.

செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் அதற்குச் சான்று இல்லை. அச்சமயம் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார்.

இத்தனை தந்திரமும் ஒரு கம்பியில்லாத் தந்தியின்முன் தோற்றது. நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களை இறக்கினார். அவர்கள் வந்து சேருமுன்பே, “அந்நியக் கப்பல் வந்திருக்கிறது” என்ற செய்தியை நிலையத்தார் அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியப் படைவீரரை ஏற்றிய கப்பல்கள் அருகில்தான் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் காவலுக்கு வந்த ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டன் சிதைந்து, பவளப் பாறையில் மோதி நின்றது. அதன் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் இறந்தனர். முல்லர் சிறைப்பட்டார்.

நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது, சிட்னியுடன் காவலுக்கு வந்த இன்னொரு கப்பலைத்தான். ‘இபுக்கி’ என்னும் அது ஜப்பானியருடையது. 1914-இல் நம் கடலில் ஜெர்மானியருக்கு எதிராகக் காவல் காத்த அதே ஜப்பான், 1940-இல் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது! 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின்மீதும் அதன் விமானங்கள் குண்டு வீசின. அவ்விரு ஊர்களும் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. நண்பர் பகைவராக 28 ஆண்டுகளே போதுமாயிருந்தன. சென்னை மக்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். இம்முறை விளக்குகளை மறைக்க மட்டும் மறக்கவில்லை.

எம்டனின் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டொன்று சென்னை உயர்நீதிமன்ற மதிற்சுவரில் இருக்கிறது.